நோயாளி வரவில்லை

அத்தியாயம் 14

'சேசுராஜ் கல்யாணம்தான் நல்லபடியாக முடிந்துவிட்டதே, இனி என்னத்தை எழுதப் போகிறீர்கள்' என்று மேல்மலையனூரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். கல்யாணம் முடிந்தால் பந்தலைத்தான் பிரிப்பார்கள் அம்மா. வீட்டுக்குள் மூடி வைத்ததெல்லாம் அப்புறம்தான் ஒவ்வொன்றாக வெளியே வரும்.

பந்தல் பிரித்து இருபத்து மூன்று நாள் ஆகிறது. செஞ்சியில் திண்டிவனம் ரோட்டிலிருந்து உள்ளே போகும் சந்தில், மூன்றாவது வீட்டில், மாப்பிள்ளையின் அம்மா சகாயமேரிக்கு இந்த இருபத்து மூன்று நாளும் சாப்பாடு இறங்கவில்லை. காலையில் பல் விளக்கும்போதே குமட்டுகிறது. சாயங்காலமானால் கால் வீங்கிச் செருப்பு ஏற மறுக்கிறது. உடம்பெல்லாம் அரிப்பு வேறு.

கேட்டால் மகள் ஜெனிபர், "உப்பு கொஞ்சம் கூடியிருக்குது, மாத்திரைய ஒழுங்கா போடு, ஒண்ணுமில்ல" என்பாள். அவள் திண்டிவனத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சொன்னால் சரியாகத்தான் இருக்கும். மகன் சேசுராஜோ, "அக்காதான் டாக்டராண்ட பேசுச்சு, எனக்கு இன்னா தெரியும்" என்று மினி லாரியைக் கிளப்பிக்கொண்டு போய்விடுவான். புது மருமகள் மோனிகாவிடம் கேட்கவே முடியாது. வந்து ஒரு மாதம்கூட ஆகாத பெண்ணிடம், என் உடம்புக்கு என்ன என்று எந்த மாமியார் போய்க் கேட்பாள்?

ஐம்பத்தொன்பது வயதில், தன் உடம்பைப் பற்றித் தனக்கு மட்டும் தெரியாமல் இருப்பது சகாயமேரிக்கு அலுத்துவிட்டது. கோபம்கூட வரவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே.

புதன்கிழமை காலை சேசுராஜ் பெங்களூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு போனான். அவன் தலை மறைந்ததும், ஹால் பீரோவில் மிச்சமான கல்யாணப் பத்திரிகைக் கட்டுக்கு அடியிலிருந்த ஆஸ்பத்திரி ஃபைலை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

"எங்க அத்தை கிளம்பிட்டீங்க? டிபன்கூட சாப்பிடல" என்றாள் மோனிகா.

"பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு வேலை இருக்குது. நீ சாப்டு."

"நானும் கூட வரட்டா?"

"வாணாம்மா. கூட யாரும் வாணாம்னுதான் போறேன்."

மோனிகா பையைப் பார்த்தாள். ஃபைலின் நீல மூலை வெளியே தெரிந்தது. ஒன்றும் கேட்காமல் குடையை மட்டும் எடுத்து வந்து கொடுத்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு மருந்துக்கடை மாடியில், புதன்கிழமைதோறும் பாண்டிச்சேரியிலிருந்து கிட்னி டாக்டர் ரங்கநாதன் வருவார். அந்த மாடிப்படி ஏறுவதற்குள் சகாயமேரி மூன்று இடத்தில் நின்றாள். மேலே பெஞ்சு முழுக்க ஆட்கள். ஜன்னல் வழியாக ராஜகிரிக் கோட்டை முழுசாகத் தெரிந்தது. யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும் டாக்டர் அறைக் கதவில்தான் இருந்தது.

டோக்கன் எழுதும் தனகோட்டி தலையை நிமிர்த்தாமல் கேட்டாள்.

"பேரு?"

"சகாயமேரி."

"வயசு?"

"அம்பத்தொம்போது."

"பேஷன்ட் நீங்களா?"

சகாயமேரி ஃபைலை எடுத்துக் காட்டினாள். "இல்லம்மா. பேஷன்ட் வரல. நான் அவளோட அக்கா. ரிப்போர்ட் காட்டத்தான் வந்தேன்."

"பேஷன்ட பாக்காம டாக்டர் மருந்து எழுத மாட்டாரு."

"மருந்து வாணாம். விவரம் மட்டும் கேட்டுனு போறேன்."

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். ஆனாலும் இந்த யோசனை அவளுக்குத் திடீரென்று வந்ததல்ல. நாலு வருஷத்துக்கு முன்னால் வந்தது.

அப்போது படுக்கையில் கிடந்தது அவள் கணவர் லூர்துநாதன். நுரையீரலில் கட்டி. டாக்டர் வந்தார், அவர் தோளைத் தட்டி, "நல்லா இருக்கீங்க, தைரியமா இருங்க" என்றார். பிறகு சகாயமேரியை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, ஐந்தே நிமிஷத்தில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போனார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள்.

"இன்னா சொன்னாரு?"

"ஒண்ணுமில்ல. சளி கட்டினு இருக்குதாம்."

லூர்துநாதன் அவளையே ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பதினெட்டு நாள் இருந்தார். ஒரு தடவைகூட மறுபடி கேட்கவில்லை. தெரிந்திருந்தால் யாரைப் பார்த்திருப்பார், என்ன சொல்லியிருப்பார் என்று அவளுக்கு இன்றைக்கும் தெரியாது. அந்தக் குற்றவுணர்ச்சி, கோயிலில் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்ட எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும் கரையவில்லை.

அன்றைக்கே ஒன்று மட்டும் அவளுக்குப் புரிந்தது. ஆஸ்பத்திரியில் உண்மை தெரிய வேண்டுமானால் கட்டிலில் படுத்திருக்கக் கூடாது. கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும்.

அவள் முறை வரும்போது மணி ஒன்று. டாக்டர் ரங்கநாதனும் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை போலிருந்தது. மேஜையில் ஆறிப்போன டீ ஏடு கட்டியிருந்தது. வந்தவள் முகத்தைப் பார்க்க அவருக்கு நேரமில்லை. ஃபைலைத்தான் பார்த்தார். தாள்களைப் புரட்டப் புரட்ட அவர் முகம் கடுத்தது.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"அக்கா சார்."

"சரி, பெரியவங்க நீங்க. உங்ககிட்ட ஒளிக்காம சொல்றேன். ரெண்டு கிட்னியும் போச்சும்மா. நூத்துக்கு ஏழுதான் வேலை செய்யுது. அதுவும் ஜூலை கணக்கு. இப்ப இன்னும் குறைஞ்சிருக்கும். சாப்பாடு இறங்குதா அவங்களுக்கு?"

"இல்ல சார். கொமட்டுது."

"அரிப்பு? கால் வீக்கம்? நடந்தா மூச்சு வாங்குதா?"

"எல்லாம் இருக்குது."

"இருக்கும். ரத்தத்துல அழுக்கு சேருது, வெளிய போக வழியில்ல. மெஷின்ல போட்டு ரத்தத்தைச் சுத்தம் பண்ணணும். டயாலிசிஸ். இந்த வாரமே ஆரம்பிக்கணும்."

சகாயமேரி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். பயம் வந்தது. அதோடு, சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு நிம்மதியும் வந்தது. இரண்டு மாதமாக அவள் கற்பனை பண்ணிக்கொண்டிருந்த பேய்க்கு ஒரு பேராவது கிடைத்துவிட்டது.

"முன்னாடியே பண்ணியிருந்தா?" என்றாள்.

டாக்டர் ஃபைலை அவள் பக்கம் திருப்பினார். "அதைத்தான் கேக்கறேன். ஜூலையிலயே பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில தெளிவா சொல்லியிருக்காங்க. கையில ரத்தக்குழாயை இணைக்கிற சின்ன ஆபரேஷன் அப்பவே பண்ணியிருந்தா இப்ப கை தயாரா இருந்திருக்கும். இப்ப கழுத்துல ட்யூப் போட்டுத்தான் ஆரம்பிக்க முடியும். உங்க தங்கச்சி வேணாம்னுட்டாங்க."

"வேணாம்னாளா?"

"கையெழுத்தே போட்டிருக்காங்க. இங்கிலீஷ்ல இருக்கு, படிக்கிறேன் கேளுங்க. 'சிகிச்சை எடுக்காவிட்டால் என் உயிருக்கு ஆபத்து என்பதை எனக்குத் தெரிந்த மொழியில் விளக்கிச் சொன்னார்கள். எல்லாம் புரிந்துகொண்டு, என் சொந்த விருப்பத்தின் பேரில் சிகிச்சை வேண்டாம் என்கிறேன்.' கீழ, லூ. சகாயமேரி. சாட்சி, சேசுராஜ்."

அவளுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. டிஸ்சார்ஜ் சமயம். பை கட்டியாயிற்று, சேசுராஜ் வண்டியைக் கொண்டு வந்துவிட்டான். ஜெனிபர் ஒரு தாளை நீட்டி, "இங்க ஒண்ணு போடும்மா" என்று விரலை வைத்தாள். விரல் இருந்த இடத்தில் இவள் போட்டாள்.

முப்பத்தோரு வருஷம் சத்துணவு அமைப்பாளராக இருந்தவள் சகாயமேரி. படிக்காமல் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட்டதில்லை. அதற்காகவே இரண்டு தலைமையாசிரியர்கள் அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தார்கள். பெற்ற மகள் விரலை மட்டும் நம்பிவிட்டாள்.

டாக்டர் நிறுத்தவில்லை. பசியும் சேர்ந்துகொண்டது போலிருக்கிறது. "இந்த மாதிரி ஆளுங்களை என்ன பண்றது சொல்லுங்க. எல்லாம் சொல்லியாச்சு, புரிஞ்சுதுன்னு எழுதிக் குடுத்துட்டு, மூச்சு முட்டினப்புறம் தூக்கிட்டு வர்றது. உங்க தங்கச்சிக்கு அவ்வளவு பிடிவாதமா? நீங்களாவது நாலு வார்த்தை திட்டி அழைச்சிட்டு வரக்கூடாதா?"

அரை நிமிஷம், அப்படி ஒரு பிடிவாதக்காரத் தங்கச்சி நிஜமாகவே இருப்பதுபோல் சகாயமேரிக்கே அவள்மேல் ஆத்திரம் வந்தது. இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு இப்படியா எழுதிக் கொடுப்பாள் ஒருத்தி. பிறகுதான் தன் நினைவு வந்தது.

"அவளுக்கு யாரும் சொல்லல சார்."

"எல்லாரும் அப்படித்தாம்மா சொல்றாங்க."

"எல்லாரும் சொல்றத வுடுங்க. அந்தக் கையெழுத்து என்னுது."

டாக்டர் முதல்முறையாக அவளை நிமிர்ந்து பார்த்தார். முகத்தின் வீக்கத்தைப் பார்த்தார். கையில் சொறிந்த தடங்களைப் பார்த்தார். மேஜைக்கு அடியில் குனிந்து, செருப்பு வார் பதிந்திருந்த காலையும் பார்த்தார். நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

உடனே அவர் குரல் மாறியது. வெல்லம் கரைத்த மாதிரி ஆகிவிட்டது.

"பயப்படாதீங்கம்மா. இப்ப எல்லாத்துக்கும் நல்ல மருந்து வந்திடுச்சு. நீங்க தைரியமா இருக்கணும், அவ்வளவுதான். ஒண்ணும்..."

"சார்" என்றாள் சகாயமேரி. "இம்மா நேரம் நல்லா பேசினு இருந்தீங்க. அப்பிடியே பேசுங்க."

ஏடு கட்டிய டீயை எடுத்து ஒரு வாய் குடித்து, முகம் சுளித்து வைத்தார்.

"உண்மைதாம்மா" என்றார். "பேஷன்ட் உள்ள வர்றதுக்கு முன்னாடியே வீட்டாளுங்க ஒருத்தர் எட்டிப் பார்த்து, 'அவங்களுக்குத் தெரியக்கூடாது சார்'னு சொல்லிட்டுப் போவாங்க. எனக்கும் அது வசதியாப் போச்சு. வீட்டாளுங்ககிட்ட சொன்னா அஞ்சு நிமிஷம். உங்ககிட்ட சொன்னா அரை மணி நேரம். வெளிய இன்னும் இருபது பேரு உக்காந்திருக்காங்க."

"எனக்கு அரை மணி வாணாம். மூணே மூணு கேள்வி."

"கேளுங்க."

"அந்த மெஷினு எத்தினி நாளிக்கு?"

"ஆயுசுக்கும். வாரம் ரெண்டு இல்ல மூணு தடவை, ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். மாத்துக் கிட்னி கிடைச்சா நிறுத்தலாம். அது கிடைக்கிறது சுலபமில்ல."

"பண்ணிக்கினா நல்லாயிடுவனா?"

"கிட்னி நல்லாகாது. ஆனா சாப்பிடுவீங்க, தூங்குவீங்க, நடப்பீங்க. பல வருஷம் இருக்கறவங்களை எனக்குத் தெரியும். சில நாள் மெஷின்லேர்ந்து இறங்கினா அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கும். அதையும் சொல்லிடறேன்."

"வாணாம்னா?"

டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டினார். "மாசக் கணக்குதான். சில பேருக்கு வாரக் கணக்கு. கஷ்டம் தெரியாம வச்சுக்க மருந்து உண்டு. அப்படி முடிவெடுக்கறவங்களும் இருக்காங்க. அதுல தப்பில்ல, தெரிஞ்சு எடுத்த முடிவா இருந்தா. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. அதுக்கு மேல தள்ளினா முடிவு உங்க கையில இருக்காது."

ஒரு சீட்டில் தன் ஆஸ்பத்திரி டயாலிசிஸ் பிரிவின் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். வாங்கிக்கொண்டு எழுந்தாள். வாசலில் தனகோட்டி, "இன்னாம்மா, தங்கச்சிக்கு ரொம்ப முடியலையா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. முடியலதான்."

கீழே இறங்கி மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்தாள். உட்கார்ந்து ஜெனிபருக்குப் போன் போட்டு, டாக்டர் ரங்கநாதனைத் தனியாகப் பார்த்துவிட்டதாகச் சொல்லி, டூட்டி முடிந்ததும் வீட்டுக்கு வரச் சொன்னாள். குரலைக் கேட்டதுமே ஜெனிபருக்கு எதற்கு என்று புரிந்துவிட்டது.

நாலு மணிக்கெல்லாம் வந்துவிட்டாள். யூனிஃபார்ம்கூட மாற்றவில்லை. ஹாலில் மேஜைமேல் ஃபைல் திறந்து கிடந்தது. அந்தத் தாள்தான் மேலே இருந்தது. ஜெனிபர் அதைப் பார்த்தாள், பார்க்காதது போலப் பேச ஆரம்பித்தாள்.

"யாரக் கேட்டு நீ தனியா போன?"

"என்னக் கேட்டுத்தான்."

"படி ஏறும்போது மயக்கம் வந்திருந்தா இன்னா பண்ணிருப்ப? ஒரு போன் பண்ணா நான் வரமாட்டனா?"

"நீ வந்தா டாக்டர் உன்னாண்ட பேசுவாரு. அதுக்குத்தான் பண்ணல." சகாயமேரி தாளைத் தொட்டுக் காட்டினாள். "இதுல எல்லாம் சொன்னாங்கன்னு எழுதியிருக்குது ஜெனி. யாரு சொன்னது? எப்ப சொன்னது?"

ஜெனிபர் சேரில் உட்கார்ந்தாள். முப்பத்து மூன்று வயதுக்காரி, அந்த நேரத்தில் ஐம்பதாகத் தெரிந்தாள். காலையிலிருந்து எட்டு மணி நேரம் அடுத்தவர்களின் அம்மாக்களைப் பார்த்துவிட்டு வந்தவள்.

"அந்த வாரம் இன்னா நெலமைன்னு உனக்கே தெரியும். அடுத்த ஞாயிறு கோயில்ல மொத கல்யாண ஓலை வாசிக்கணும். மூணு ஓலையும் வாசிச்சு முடிஞ்சா கல்யாணம். பத்திரிகை குடுத்தாச்சு. கையில ஆபரேஷன் கட்டோட நீ பீடத்து முன்னாடி நின்னா பொண்ணு வூட்ல இன்னா சொல்வாங்க? ஆஸ்பத்திரில ஆபரேஷன் பண்ணு, இல்லன்னா எழுதிக் குடுன்னாங்க. ஒரு மாசந்தானேன்னு நெனச்சேன்."

"கல்யாணம் முடிஞ்சு?"

"முடிஞ்சு, மருமவ வந்த வூடு, ரெண்டு வாரம் போவட்டும்னு சேசு சொன்னான். நான் தினம் பாக்குறேம்மா. டயாலிசிஸ்ன்ற பேரக் கேட்டாவே பாதி செத்துடுறாங்க. உன்ன அப்பிடிப் பாக்க எனக்குத் தெம்பு இல்ல." குரல் உடைந்தது. "நீதான சொன்ன, சாவுறதுக்குள்ள அவன் கல்யாணத்தப் பாத்துடணும்னு. பத்து தடவ சொன்ன."

"அது எல்லா அம்மாவும் சொல்றதுதான்."

"நான் அப்பிடி எடுத்துக்கல."

சகாயமேரிக்கு மகளைத் திட்ட வேண்டும் என்றுதான் இருந்தது. ஆனால் வராந்தாவில் முகம் துடைத்துக்கொண்டு உள்ளே போன இன்னொருத்தியை அவளுக்குத் தெரியும். திட்டுவதற்கு நாக்கு எழவில்லை.

"கேளு ஜெனி. அன்னிக்கு என்னாண்ட வந்து, இப்பிடி இருக்குதும்மா, கல்யாணமும் இருக்குது, இன்னா பண்ணலாம்னு கேட்டிருந்தா, நானும் இதேதான் சொல்லிருப்பேன். கல்யாணம் முடியட்டும்னுதான் சொல்லிருப்பேன். இதே எடத்துல இதே கையெழுத்தப் போட்டிருப்பேன். ஆனா அது நான் போட்டதா இருந்திருக்கும்."

ஜெனிபர் ஃபைலை மூடி வைத்தாள்.

சமையலறை வாசலில் டம்ளர் வைக்கும் சத்தம் கேட்டது. மோனிகா இரண்டு டீயோடு நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாளோ.

"என் கல்யாணத்துக்காகவா அண்ணி?" என்றாள்.

ஜெனிபர் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எங்க வூட்ல ஒருத்தரும் ஒண்ணும் சொல்லிருக்க மாட்டாங்க. தளவானூர்ல எங்க பெரியப்பாவே டயாலிசிஸ் போயினு வந்துனுதான் இருக்குறாரு. ஒரு மாசம் தள்ளிப் போட்டிருப்போம். அவ்ளோதான்."

அவ்வளவுதான். இரண்டு குடும்பமும் ஒரு மாதம் தள்ளிப் போட்டிருந்தால் தீர்ந்திருக்கும் விஷயம். யாரும் யாரிடமும் கேட்கவில்லை. மோனிகா டீயை மேஜையில் வைத்துவிட்டு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரம் நின்றாள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அழுதது அன்றைக்குத்தான்.

ஜெனிபர் சட்டென்று எழுந்தாள். நர்ஸ் புத்தி விழித்துக்கொண்டது. "இதுக்கு மேல ஒரு நாளும் வாணாம். நாளிக்கே அட்மிஷன் போட்டுடலாம். நம்பர் எங்க?" ஃபைலுக்குள்ளிருந்த சீட்டை அவளே எடுத்தாள், அவளே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள். வரச் சம்மதமா என்று அம்மாவை அப்போதும் கேட்கவில்லை.

மறுமுனையில் ஒரு பெண் குரல், பாடம் ஒப்பிப்பது போலப் பேசியது. "டயாலிசிஸ் யூனிட், சொல்லுங்க. பேஷன்ட் பேரு, வயசு?"

ஜெனிபர் சொன்னாள்.

"டாக்டர் ரங்கநாதன் சார் சொல்லியிருக்காரு. பேஷன்ட்டுக்கு எல்லா விவரமும் விளக்கிச் சொல்லியாச்சா? அவங்களுக்குச் சம்மதமா?"

தினமும் தானே பத்து பேரிடம் கேட்கிற கேள்விதான். ஜெனிபர் வாயைத் திறந்தாள். ஆமாம் என்று சொல்ல வரவில்லை. அப்படியே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"ஹலோ? லைன்ல இருக்கீங்களா?"

சகாயமேரி எழுந்து வந்து மகள் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டாள்.

"இருக்குறேம்மா. சொல்லு."

"நீங்க யாரு?"

"சகாயமேரி. பேஷன்ட்."

அந்தப் பக்கம் உடனே குரல் குழைந்தது. "அம்மா, நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. பக்கத்துல கூட இருக்கறவங்க யாராவது இருந்தா அவங்ககிட்ட போனைக் குடுங்கம்மா."

சகாயமேரி மகளைப் பார்த்தாள். மருமகளைப் பார்த்தாள்.

"கூட ரெண்டு பேர் இருக்குறாங்கம்மா" என்றாள். "ரெண்டு பேரும் அழுதுனு இருக்குறாங்க. நீ என்னாண்டயே சொல்லு. மொத்தத்தையும் கேட்டுக்கினு, வர்றனா இல்லையான்னு நான் சொல்றேன்."